பாட்டைக் காத்தவர்கள்

கர்நாடக இசையின் சாகித்யகர்த்தாக்களைப் பற்றிய நூல்களில் பெரும்பாலானவை ஒரே தடத்தில் போகின்றன. பிறந்த ஊர், குரு, உபாசனைத் தெய்வம், நடந்ததாகச் சொல்லப்படும் அற்புதங்கள். அவர்களுடைய பாட்டு நம் காதுவரை எப்படி வந்தது என்பதற்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தால் அதிகம். என்னைக் கேட்டால், ஆய்வு தொடங்க வேண்டிய இடமே அதுதான்.

சீர்காழி மூவரை எடுத்துக்கொள்வோம். முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை மூவரும் திருவாரூர் மும்மூர்த்திகளுக்கு முந்தியவர்கள். சொற்கள் நமக்குக் கிடைத்தன. பழைய மெட்டுகளில் பெரும்பகுதி கிடைக்கவில்லை. கவிராயரின் ராமநாடகத்துக்கு இசை கூட்ட உதவியவர்கள் சட்டநாதபுரத்துச் சீடர்கள் இருவர். இன்று கச்சேரியில் ஒலிப்பவற்றில் பல, 20ஆம் நூற்றாண்டு வித்வான்கள் புதிதாக அமைத்த மெட்டுகள். தமிழிசை இயக்கக் காலத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஸ்வரப்படுத்தி வெளியிட்ட தொகுதிகள் இல்லையென்றால் இதுவும் இல்லை.

தியாகராஜருக்கு (1767–1847) அமைந்த பேறு வேறு. உமையாள்புரம், தில்லைஸ்தானம், வாலாஜாபேட்டை என்று சிஷ்ய பரம்பரைகள் கிளைவிட்டன. வாலாஜாபேட்டை வெங்கடரமண பாகவதர் குருவின் பாடல்களையும் வாழ்க்கையையும் எழுதிவைத்தார். அந்த வீட்டுச் சுவடிகள் மதுரை சௌராஷ்டிர சபைக்கு வந்து சேர்ந்தன. ஒரே கீர்த்தனைக்குப் பரம்பரைக்கொரு பாடம் இருப்பது இதன் மறுபக்கம். அதைக் குறை என்று நான் சொல்லமாட்டேன்.

முத்துசாமி தீட்சிதர் 1835இல் எட்டயபுரத்தில் காலமானார். அவருடைய தம்பி பாலுசாமி தீட்சிதர் அங்கே சமஸ்தான வித்வான். பாலுசாமியின் மகள் வயிற்றுப் பேரனும் சுவீகாரப் புத்திரனுமான சுப்பராம தீட்சிதரிடம்தான் குடும்பச் சொத்தாகப் பாட்டு தங்கியிருந்தது. கீர்த்தனைகளை மேலைநாட்டு ஸ்வரக்குறியில் அச்சிட்டுவந்த சின்னசாமி முதலியார் என்ற கிறிஸ்தவர் 1899இல் எட்டயபுரம் மன்னரிடம் போய், அந்தக் குடும்பப் பாடல்களை வெளியிடச் செய்யவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். சுப்பராம தீட்சிதர் முதலில் தயங்கினார். பிறகு உட்கார்ந்தவர், தெலுங்கு எழுத்தில் ஏறத்தாழ 1,700 பக்கம் எழுதி முடித்தார். ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ 1904இல் வெளிவந்தது.

அதில் ஒரு பக்கத்தைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். ஸ்வர எழுத்தோடு நெளிகோடு இருந்தால் கம்பிதம், அதாவது அசைவு. சாய்கோடு இருந்தால் ஜாரு, அதாவது வழுக்கல். கோடு சாயும் திசையே ஏற்றமா இறக்கமா என்று சொல்லிவிடும். விரலும் தொண்டையும் செய்வதைக் காகிதத்தில் இவ்வளவு நெருக்கமாகப் பிடிக்க முயன்ற நூல் அதற்கு முன் நம்மிடம் இல்லை. முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனைகளாக அதில் 229 உண்டு. இன்று அவர் பெயரில் வழங்குபவை அதைவிட மிக அதிகம். எது அசல் என்ற சண்டை ஓயாததற்கு அதுவே காரணம். சந்தேகம் வந்தால் நான் சுப்பராம தீட்சிதர் பக்கம்.

சியாமா சாஸ்திரிக்குச் (1762–1827) சீடர் கூட்டம் பெரிதில்லை. கிடைத்த பாடல்களும் சொற்பம். மகன் சுப்பராய சாஸ்திரி கைமாற்றித் தந்ததை வைத்தே, மூன்று ஸ்வரஜதிகளைக் கொண்டே, அவர் முதல் வரிசையில் நிற்கிறார்.

கோபாலகிருஷ்ண பாரதிக்கு அச்சு கைகொடுத்தது. நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் கேட்டுப் பலமுறை தமிழ்ப் புலவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வீட்டுக்கு நடந்தார். இலக்கண வழுக்களைக் கண்ட பிள்ளையவர்கள் நாள் கடத்தினார். ஒரு பகலில் அவர் உறங்கி எழும்வரை திண்ணையில் அமர்ந்து பாரதி பாடிக்கொண்டிருக்க, அந்தப் பாட்டைக் கேட்டு உருகியவர் பாயிரம் எழுதிக் கொடுத்தார் என்று உ.வே.சாமிநாதையர் பதிவு செய்திருக்கிறார். காரைக்காலில் இருந்த பிரெஞ்சு அதிகாரி ஒருவர் ஆதரவில் 1860களின் தொடக்கத்தில் நூல் அச்சேறியது. பாட்டு அதற்கு முன்பே ஊர் ஊராகப் போய்விட்டிருந்தது.

நாகஸ்வர வித்வான்கள், நட்டுவனார்கள் வீடுகளில் இன்னும் பார்க்கப்படாத ஸ்வர நோட்டுகள் பரண்மேல் கிடக்கும். அப்படி ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். பக்கம் பக்கமாகப் படமெடுத்து, ஒரு பிரதியை அருகிலுள்ள இசைக் கல்லூரிக்கோ ஆய்வு நூலகத்துக்கோ கொடுத்துவிடுங்கள்.