யஹ்யா அந்நஹ்வீ: கட்டுக்கதையும் மெய்ப்புகழும்

கி.பி. ஆறாம் நூற்றாண்டில் இஸ்கந்தரிய்யாவில் வாழ்ந்த கிறிஸ்தவத் தத்துவ அறிஞர் யோவான் ஃபிலோபோனஸை அரபு நூல்கள் ‘யஹ்யா அந்நஹ்வீ’ என்றழைக்கின்றன. ‘இலக்கண அறிஞர் யஹ்யா’ என்பது அதன் பொருள். அம்மோனியஸிடம் பயின்ற அன்னார், அரிஸ்டாட்டிலின் நூல்களுக்கு விரிவுரைகள் வரைந்தார். 529இல் புரோக்லஸை மறுத்தெழுதிய நூலில், உலகம் அநாதியன்று, படைக்கப்பட்டதே என வாதிட்டார்.

ஆனால் நம்மிடையே அவர் பெயர் நிலைத்திருப்பது வேறொரு செய்தியால். மிஸ்ரு வெற்றிக்குப்பின் அவர் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களிடம் இஸ்கந்தரிய்யா நூலகத்தைக் கேட்டாராம். கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆணையால் அந்நூல்கள் ஹம்மாம்களின் அடுப்புகளுக்கு விறகாயினவாம். இதனை விரிவாக எழுதியவர் இப்னுல் கிஃப்தீ (மறைவு 1248). யஹ்யாவோ தம் இயற்பியல் விரிவுரையில், தாம் எழுதிக்கொண்டிருந்த காலத்தை 517ஆம் ஆண்டுக்கு இணையான திகதியால் குறித்துள்ளார். இஸ்கந்தரிய்யா பணிந்தது 641இல். இடையே 124 ஆண்டுகள்! 987இல் தொகுக்கப்பட்ட இப்னுந் நதீமின் ‘அல்ஃபிஹ்ரிஸ்த்’ அவரை அம்ரு (ரலி) அவர்களின் காலத்தவராகப் பிழையாகக் காட்டினும், நூலெரிப்பைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. ஒவ்வொரு ஹதீஸுக்கும் இஸ்னாது கேட்கும் நாம், ஆறு நூற்றாண்டுகளுக்குப் பின் எழுதப்பட்ட இக்கதைக்கு அதனைக் கேட்க வேண்டாவா?

1902இல் ஆல்ஃபிரட் பட்லர் உட்படப் பலர் இக்கதையை மறுத்துவிட்டனர். எனினும் நம்மவர் எழுதும் மறுப்புகளில் ஒரு குறையைக் காண்கிறோம். அவை யஹ்யாவைக் கதையிலிருந்து வெளியேற்றுவதோடு நின்றுவிடுகின்றன. அவருக்குரிய இடத்தில் அமர்த்துவதில்லை.

அவ்விடம் எது? உலகம் தொடக்கமற்றதாயின் சனிக்கோள் எண்ணற்ற முறை சுற்றி முடித்திருக்கும். அதனினும் முப்பது மடங்கு சூரியன் சுற்றியிருக்கும். முடிவிலியை மிஞ்சும் முடிவிலி எங்ஙனம் கூடும் என்று யஹ்யா வினவினார். அவருடைய வாதங்களை அல்கிந்தீ எடுத்தாண்டார். அல்ஃபாராபீ அவருக்கு மறுப்பெழுதினார். 1095இல் இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் ‘தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா’வின் முதல் மஸ்அலாவில் இக்கோள் கணக்கையே தத்துவவாதிகள்முன் வைத்தார்கள். தஹாஃபுதின் பெரும்பகுதி யஹ்யாவுடையதே என ளஹீருத்தீன் பைஹகீ கூறியது மிகை. காரண காரியத் தொடர்பு கட்டாயமானதன்று என்னும் பதினேழாம் மஸ்அலா அஷ்அரீ கலாம் மரபில் வேரூன்றியது. ஆயினும் கடன் இல்லையென்று சொல்வதும் நேர்மையாகாது.

திரித்துவம் பற்றிய அவருடைய விளக்கத்தை 680–681இல் கூடிய கான்ஸ்டாண்டிநோபிள் சங்கம் கண்டித்தது. அக்கொள்கை நமக்கும் உடன்பாடன்று. எனினும், அதன் பொருட்டு அவருடைய வாதத்தை நம் முன்னோர் தள்ளிவிடவில்லை. நிறுத்துப் பார்த்து ஏற்றனர், அல்லது மறுத்தனர். தஹாஃபுதின் முதல் மஸ்அலாவை மாணவர்க்குப் போதிக்கும்போது யஹ்யாவின் பெயரையும் உரைப்பது அவருக்கு நாம் செலுத்த வேண்டிய ஹக்கு. எரிந்த நூலகத்தின் கதையில் அவருக்கு இடமில்லை. நாம் இன்றும் ஓதும் நூலில் இருக்கிறது.