தகடும் அச்சும்: சங்கரன்கோவில் உரு முதல் பவர் பிரஸ் வரை

சங்கரன்கோவிலில் சங்கரநாராயண சுவாமி கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் பாம்பு, தேள், பல்லி, கண், கை, கால் என்று மெல்லிய தகட்டில் எழும்பிய உருவங்கள் விற்கும். வீட்டுக்குள் பாம்பு வந்தால், உடம்புக்கு ஏதேனும் வந்தால், உரு வாங்கிப் போடுவதாக நேர்ந்துகொள்வது இந்த வட்டாரத்து வழக்கம். ஒரு கடையில் பத்துத் தேள் வாங்கினால் பத்துக்கும் கொடுக்கு ஒரே பக்கம்தான் வளைந்திருக்கும். கைவேலை என்றால் ஒன்றாவது மாறியிருக்கும். இவை அச்சில் அடித்தவை. தென்காசி மாவட்டத்தில் அச்சுத் தொழிலின் நிறைகுறையைப் பேச உண்டியலில் விழும் இந்தத் தேளே போதும்.

செய்முறை பழையது. வெண்கலத்திலோ எஃகிலோ உருவைக் குழிவாக வெட்டிக்கொள்வார்கள். அதன்மேல் தகடு, தகட்டின்மேல் ஈயக்கட்டி. சுத்தியலால் அடித்தால் ஈயம் தகட்டைத் தள்ளிக்கொண்டு குழிக்குள் இறங்கும். கோடுகள் தகட்டில் எழும்பும். சங்ககாலப் பாண்டியருக்கே அச்சு தெரியும். தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி கண்டறிந்து வெளியிட்ட பெருவழுதி நாணயத்தில் ஒரு பக்கம் குதிரையும் தமிழ் பிராமி எழுத்தும், மறுபக்கம் மீன் குறியும் இருக்கின்றன. அதுவும் அச்சில் அடித்ததுதான்.

இன்றைய நாணயத்துக்கு இரண்டு வகை அச்சு வேண்டும். முதலில் தகட்டிலிருந்து வட்ட வில்லையை வெட்ட ஒன்று. பிறகு வில்லையில் எழுத்தையும் உருவத்தையும் பதிக்க இன்னொன்று. சேலம் உருக்காலையில் எவர்சில்வர் வில்லை வெட்டுவதற்கென்றே ஒரு பிரிவு உண்டு. வெட்டுவது, வடிவம் கொடுப்பது என்ற இந்த இரண்டுக்குள் பிரஸ் ஷாப்பின் வேலைகள் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அச்சைப் பட்டறையில் டை என்பார்கள். வெட்டும் டையின் அமைப்பு எளிது. மேலே பஞ்ச், கீழே துளையுள்ள டை, நடுவில் தகடு. பஞ்ச் இறங்கும்போது தகடு கொஞ்ச தூரம்தான் உண்மையில் அறுபடுகிறது. மீதி முறிந்து பிரிகிறது. ஒரு சாதாரண வாஷரை எடுத்து விளிம்பைப் பாருங்கள். ஓரமாகப் பளபளப்பான ஒரு பட்டை தெரியும்; அதற்கு அடுத்து சொரசொரப்பு. பளபளப்பு அறுபட்ட இடம், சொரசொரப்பு முறிந்த இடம். கடைசியில் விரலைக் கீறும் பிசிறு இருந்தால் டை சாணைக்குப் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது, அல்லது இடைவெளி தப்பு.

தொழிலின் உயிர் அந்த இடைவெளியில் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் இரும்புத் தகட்டுக்குப் பஞ்சுக்கும் டைக்கும் நடுவில் பக்கத்துக்கு 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் வரை விடுவார்கள். இடைவெளி கூடினால் தகடு மடங்கிப் பிசிறு எழும். குறைந்தால் பிரஸ்ஸுக்குச் சுமை ஏறி, கூர் சீக்கிரம் மழுங்கும். இன்னொரு நுணுக்கமும் உண்டு. வெட்டி விழும் துண்டு நமக்கு வேண்டுமென்றால் அளவு டையின் துளையைப் பின்பற்றும். தகட்டில் விழும் ஓட்டை வேண்டுமென்றால் பஞ்சைப் பின்பற்றும். இடைவெளியை எந்தப் பக்கம் கழிப்பது என்பது இதை வைத்தே முடிவாகும். இதைத் தெரியாமல் வரைபடம் போட்டால், அளவு தப்பிய துண்டுகளை அச்சு அசல் ஒரே மாதிரியாக ஆயிரக்கணக்கில் பெற்றுக்கொள்ளலாம்.

வடிவம் கொடுக்கும் டை இன்னும் பிடிவாதமானது. நேர்சுவருள்ள எவர்சில்வர் டம்ளர் ஒன்று, 70 மில்லிமீட்டர் வாய், 100 மில்லிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். பரப்பைக் கணக்கிட்டால் அதற்குச் சுமார் 181 மில்லிமீட்டர் வட்டத்தகடு வேண்டும். ஒரே இழுப்பில் வட்டத்தகட்டின் விட்டத்தை ஏறக்குறைய பாதியாகத்தான் குறைக்க முடியும். அதற்கு மேல் இழுத்தால் அடி கிழியும். ஆகவே இந்த டம்ளருக்கு இரண்டு இழுப்பு, இரண்டு டை. செம்புக்கோ இதுவும் உதவாது. வயிறு பெருத்துக் கழுத்து சிறுத்த பாத்திரத்துக்குள் சிக்கிய பஞ்ச் வெளியே வராது. இரண்டு பாதியாக அடித்து ஒட்ட வேண்டும், அல்லது உள்ளிருந்து ஊதிப் பருக்கவைக்க வேண்டும். கையால் தட்டிய கன்னார் இந்தச் செம்பைக் கேள்வியே இல்லாமல் செய்தார். பாட்டி வீட்டுச் செம்புக்கு இருந்த வளைவு இன்றைய பாத்திரக்கடையில் அருகிப்போனதற்கு மக்களின் ரசனையை மட்டும் குறை சொல்ல வேண்டாம். எதை அடிக்க எளிதோ அதுதான் மலிவாகக் கடைக்கு வந்தது.

டையின் பெருமையும் குறையும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. ஒரு தேர்ந்த ஆளின் திறமையை அது ஒரு முறை எஃகில் பூட்டிவைத்துவிடுகிறது. பிறகு யார் அடித்தாலும் அதே துண்டு வரும், நொடிக்கணக்கில் வரும். மலிவு, ஒழுங்கு, மாற்றிப் பூட்டத்தக்க உதிரிபாகம் ஆகியவற்றை அச்சு தந்திராவிட்டால் கோயம்புத்தூர் பம்புசெட் மோட்டாருக்குள் அடுக்கடுக்காக இருக்கும் மெல்லிய தகடுகளைக் கட்டுப்படியாகும் விலையில் வெட்டியிருக்கவே முடியாது. ஆனால் பூட்டியபின் திருத்த முடியாது. மத்தளம்பாறையில் ஜோஹோ அலுவலகத்தில் எழுதப்படும் மென்பொருளில் பிழை இருந்தால் ராத்திரியோடு ராத்திரியாகச் சரிசெய்துவிடலாம். கடினமாக்கிய டையில் ஓட்டை இரண்டு மில்லிமீட்டர் தள்ளி விழுந்துவிட்டால் பெரும்பாலும் புது எஃகுதான்.

அதனால் எண்ணிக்கை பார்த்தே அச்சில் இறங்க வேண்டும். உதாரணத்துக்கு, டைக்கு 60,000 ரூபாய், லேசரில் வெட்ட ஒரு துண்டுக்கு 8 ரூபாய், பிரஸ்ஸில் அடிக்க 2 ரூபாய் என்று கொள்வோம். பத்தாயிரம் துண்டு தாண்டினால்தான் டை போட்ட காசு திரும்பும். ஐந்நூறு துண்டுக்கு டை செய்வது வீம்பு. கழிவையும் இதில் சேர்க்க வேண்டும். ஒரு வரிசையில் வட்டங்களை நெருக்கி வெட்டினாலும் தகட்டின் 78.5 சதவீதத்துக்கு மேல் வட்டமாகாது. மீதி எடைக்குப் போகும். சாய்வாக இரண்டு மூன்று வரிசை அடுக்கினால் மிச்சப்படும், டையின் விலையோ ஏறும்.

பராமரிப்பு பற்றிப் பலர் நினைப்பதில்லை. பட்டறைகளில் டி2 என்று வாங்கும் எஃகில் ஒன்றரை சதவீதம் கரியும் பன்னிரண்டு சதவீதம் குரோமியமும் இருக்கும்; கடினமாக்கினால் ராக்வெல் அளவில் 58 முதல் 62 வரை வரும். இவ்வளவு குரோமியம் இருந்தும் அது துருப்பிடிக்கும். குற்றாலத்தில் சாரல் கட்டும் மாதங்களில் தென்காசி, செங்கோட்டைப் பக்கம் காற்றே ஈரம். எண்ணெய் பூசாமல் அலமாரியில் வைத்த டையின் வெட்டுமுனை சீசன் முடிவதற்குள் சொரசொரத்துப் போகும். கோயம்புத்தூரில் எழுதிய பராமரிப்பு அட்டவணையை இங்கே அப்படியே ஒட்டிவைத்தால் ஆகாது.

இத்தொழிலின் மிகப் பெரிய கறை விரல்கள். தகட்டைக் கையால் வைத்து, காலால் மிதித்து அடிக்கும் பிரஸ்ஸில் ஒரு கணம் கவனம் பிசகினால் போதும். சேஃப் இன் இந்தியா என்ற அமைப்பு 2019 முதல் வெளியிடும் அறிக்கைகள், குருகிராம் பக்கத்து வாகன உதிரிபாகப் பட்டறைகளில் கை நசுங்கியோரை வரிசையாகப் பதிவு செய்திருக்கின்றன. அவற்றில் பவர் பிரஸ்ஸுக்குத் தனி இடம். இயந்திரத்தின் ஆபத்தான பகுதிக்கு வேலியிட வேண்டும் என்று 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 21-ம் பிரிவே சொன்னது. இரண்டு கையும் இரண்டு பொத்தானை அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும் என்ற ஏற்பாடு பெரிய செலவுமல்ல. உற்பத்தி குறையும் என்று அதைக் கழற்றிவைக்கும் பட்டறையில் துண்டு மலிவாக வருவது டையின் திறமையால் அல்ல.

அடுத்தது யாருடைய டை என்பது. ஜாப் ஒர்க் செய்யும் சிறு பட்டறைகளில் டை பெரும்பாலும் வேலை கொடுப்பவருடையது. பட்டறைக்காரருக்கு அடிகூலி மட்டும். நாளைக்கு ஐந்து பைசா குறைத்துக் கேட்கும் ஆள் கிடைத்தால் டை லாரியேறிப் போய்விடும். பிரஸ் மட்டும் வங்கிக் கடனோடு நிற்கும். 2019 நவம்பர் 22 அன்று தனி மாவட்டமான தென்காசியில் தொழில் வளர வேண்டும் என்று பேசுவோர் பிரஸ் வாங்கவே மானியம் கேட்கிறார்கள். பிரஸ்ஸைக் காசு கொடுத்தால் நாளையே இறக்கிவிடலாம். டையை வரைந்து, வெட்டி, கடினமாக்கி, சாணை பிடித்து, பிசிறைப் பார்த்தே நோயைச் சொல்லும் ஆள் உருவாக ஆண்டுகள் ஆகும். தொழிற்பயிற்சி நிலையங்களில் டூல் அண்ட் டை மேக்கர் என்று தனிப் பிரிவே இருக்கிறது. பிள்ளைகளை அதில் சேர்க்கத்தான் பெற்றோர் யோசிக்கிறார்கள்.

பட்டறை வைக்க எண்ணும் தென்காசித் தம்பிமாருக்கு ஒரு வேண்டுகோள். வடிவம் மாறாது, எண்ணிக்கை பெரிது என்று உறுதியானால் மட்டும் அச்சுக்குப் போங்கள். முதல் கடனில் ஒரு சின்ன சாணை இயந்திரமும் தேர்ந்த டை ஆளின் சம்பளமும் இருக்கட்டும். பெரிய பிரஸ் இரண்டாம் கடனில் வரட்டும். இரட்டைப் பொத்தானைக் கழற்றாதீர்கள். நீங்களே செய்யும் டைக்கு வரைபடத்தையும் உரிமையையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.