பர்ஸ் கணக்கில் மாட்டிய யார்க்கர்

தொப்பூர் கணவாய் இறங்கி, ஓமலூர் தாண்டிப் போனால் சின்னப்பம்பட்டி. தர்மபுரி மாவட்டத்தில் டென்னிஸ் பந்தில் யார்க்கர் போடப் பழகும் பையன்களுக்கெல்லாம் பக்கத்து ஊர் அண்ணன்தான் நடராஜன். 2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த ஐ.பி.எல். மெகா ஏலத்தில் டெல்லி கேபிடல்ஸ் அவரை 10.75 கோடிக்கு எடுத்தபோது பென்னாகரத்திலும் அரூரிலும் சந்தோஷப்படாதவர் யார்? எனக்கும் சந்தோஷம்தான். கூடவே ஒரு கேள்வியும் குடைந்தது. ஹைதராபாத் அவரை ஏன் விட்டது?

அந்த ஆண்டு இறுதிப்போட்டி வரை போன சன்ரைசர்ஸ் அணியில் அதிக விக்கெட் எடுத்தவர் நடராஜன். 19 விக்கெட். பந்துவீச்சில் குறை சொல்ல இடமே இல்லை. இடித்தது பர்ஸ். அந்த ஏலத்துக்கு, ஆட்டக்காரர்களுக்காக ஓர் அணி செலவழிக்க வரம்பு மொத்தம் 120 கோடி. அதில் கிளாசனுக்கு 23, கம்மின்ஸுக்கு 18, அபிஷேக் சர்மாவுக்கும் டிராவிஸ் ஹெட்டுக்கும் தலா 14, நிதிஷ் ரெட்டிக்கு 6 என்று தக்கவைப்பிலேயே 75 கோடி கரைந்துவிட்டது. மிச்சம் 45 கோடியில் மீதி அணியைக் கட்டியாக வேண்டும். டெல்லியின் கையிலோ 73 கோடி இருந்தது.

பாலக்கோடு மண்டியில் தக்காளிக்கு விலை வைப்பது பழத்தின் ருசியா? அன்றைய வரத்தும் வியாபாரி கையில் இருக்கும் பணமும்தானே! நடராஜனின் விலையும் அப்படித்தான் ஏறி இறங்கியிருக்கிறது. 2017-ல் பஞ்சாப் கொடுத்தது 3 கோடி. அடுத்த வருஷமே ஹைதராபாத்தில் 40 லட்சம். ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வடிவத்திலும் இந்தியாவுக்கு அறிமுகமாகித் திரும்பியவருக்கு 2022 ஏலத்தில் 4 கோடி. அப்புறம் 10.75 கோடி. இவ்வளவு கொடுத்து எடுத்த டெல்லி, 2025 தொடரில் அவரை ஆட வைத்தது இரண்டே ஆட்டங்களில்.

ஏலத்திலாவது எல்லாம் கண்ணெதிரே நடக்கிறது. ஏலத்துக்கு வெளியே அணிகள் வீரர்களைப் பரிமாறிக்கொள்ளும் டிரேடிங்கில்தான் கணக்கு மறைந்துகொள்கிறது. 2023 நவம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். குஜராத்துக்கு முதல் சீசனிலேயே கோப்பை வாங்கித் தந்த ஹர்திக் பாண்டியாவை மும்பை திரும்ப அழைத்தது. அவர் சம்பளம் 15 கோடி. அதற்கு பர்ஸில் இடம் வேண்டும். 17.5 கோடி சம்பளத்தில் இருந்த கேமரூன் கிரீன் பெங்களூருவுக்குப் போனார். கிரீனுக்கு இடம் வேண்டுமே! ஹர்ஷல் படேல், ஹசரங்கா, ஹேசல்வுட் மூவரையும் பெங்களூரு விடுவித்தது. ஒருவர் ஊர் திரும்ப, நான்கு பேர் மூட்டை கட்டினார்கள்.

இதில் சம்பளம் போக, குஜராத்துக்கு மும்பை கொடுத்த பரிமாற்றத் தொகை எவ்வளவு? அதிகாரபூர்வமாக இன்றுவரை சொல்லவில்லை. அது பர்ஸிலும் சேராது. 15 கோடி சம்பளத்துக்கு ஒவ்வொரு லட்சமாகக் கணக்குப் பார்க்கும் விதி, அதற்குப் பக்கத்திலேயே கைமாறும் பெரும்பணத்தைக் கண்டுகொள்வதில்லை. பணக்கார அணியையும் சின்ன அணியையும் ஒரே தட்டில் நிறுத்தத்தான் பர்ஸ் வரம்பு என்றால், இந்தத் தொகைக்கு மட்டும் விலக்கு எதற்கு?

2025 நவம்பரில் ஜடேஜா சென்னையிலிருந்து ராஜஸ்தானுக்குப் போனது நமக்கு இன்னும் வலிக்கிறது. 2023 இறுதிப்போட்டியில் இரண்டு பந்தில் 10 ரன் என்ற நிலையில் ஆறும் நாலும் அடித்துக் கோப்பையைக் கொண்டுவந்தவர். உணர்ச்சியைக் கொஞ்சம் தள்ளிவைத்துக் கணக்கைப் பாருங்கள். சஞ்சு சாம்சன் தன் 18 கோடி சம்பளத்தோடு சென்னைக்கு வந்தார். அதே 18 கோடியில் இருந்த ஜடேஜா 14 கோடிக்கு இறங்கிப் போனார். கூடவே 2.4 கோடி சாம் கரன். ராஜஸ்தானில் எட்டு வெளிநாட்டு வீரர் இடமும் நிரம்பியிருந்ததால் கரன் உள்ளே வர வழியில்லை. ஹசரங்காவும் தீக்‌ஷனாவும் விடுவிக்கப்பட்டார்கள். ஆக, ராஜஸ்தான் பர்ஸில் 1.6 கோடி மிச்சம், சென்னைக்கு 2.4 கோடி மிச்சம். ஜடேஜாவுக்கு 4 கோடி குறைவு. இரண்டு அணியும் லாபத்தோடு எழுந்துபோன பேரத்தில் விட்டுக்கொடுத்தவர் ஆட்டக்காரர்தான்.

அமெரிக்க பேஸ்பால் சம்பள வரம்பை வேறு மாதிரி கையாள்கிறது. அங்கே சம்பளத்துக்குக் கறாரான உச்சவரம்பு கிடையாது. ஒரு கோட்டைத் தாண்டினால் ஆடம்பர வரி. 2025-ல் அந்தக் கோடு 24.1 கோடி டாலர். முதல் முறை தாண்டினால் மிகுதித் தொகைக்கு 20 சதவீதம், தொடர்ந்து இரண்டாவது வருஷம் 30, மூன்றாவது வருஷம் 50. 2018, 2019 இரண்டு வருஷமும் கோட்டைத் தாண்டிய பாஸ்டன் ரெட் சாக்ஸ், 2020 பிப்ரவரியில் தன் தலைசிறந்த ஆட்டக்காரர் மூக்கி பெட்ஸை லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸுக்கு அனுப்பியது. அதே வருஷம் டாட்ஜர்ஸ் கோப்பையை வென்றது. வரி விதி ஓர் அணியின் உயிரையே பிடுங்கி இன்னொன்றுக்குக் கொடுக்கும் என்பதற்கு அது ஒன்றே போதும்.

அந்த முறையை இங்கே அப்படியே கொண்டுவர நான் சொல்லமாட்டேன். வரி கட்டத் தெம்புள்ளவன் கட்டிவிட்டுப் போய்விடுகிறான். 2024 சீசனுக்கு டாட்ஜர்ஸ் கட்டிய வரி 10.3 கோடி டாலர். அந்த வருஷமும் கோப்பை, அடுத்த வருஷமும் கோப்பை. நம் பர்ஸ் வரம்பு அந்த வகையில் மேல். ஆனால் யார் எவ்வளவு வரி கட்டினார்கள் என்பது அங்கே வருஷா வருஷம் வெளியாகிறது. அதில் ஒரு பகுதி ஆட்டக்காரர்களின் நலனுக்கும் ஓய்வுக்காலத்துக்கும் போகிறது.

இப்படி வெளிப்படையாகக் கணக்குக் காட்டுவதற்கு இங்கேயே முன்மாதிரி இருக்கிறது. 2025 டிசம்பர் மினி ஏலத்தில் கேமரூன் கிரீனை கொல்கத்தா 25.20 கோடிக்கு எடுத்தது. வெளிநாட்டு வீரருக்கு மினி ஏலத்தில் 18 கோடிக்கு மேல் கையில் கிடைக்காது என்பது விதி. மீதி 7.20 கோடி வீரர் நலனுக்கென்று கிரிக்கெட் வாரியத்துக்குப் போகிறது. கொல்கத்தாவின் பர்ஸில் முழுத்தொகையும் கழிந்தது. எல்லாம் பகிரங்கம். பரிமாற்றத் தொகைக்கும் இதையே செய்யலாமே? அடுத்த டிரேடிங் பட்டியலில் வீரர் பெயருக்கு எதிரே தொகையையும் போடுங்கள், வாங்கும் அணியின் பர்ஸில் அதைக் கழியுங்கள். அதில் ஒரு பங்கை அந்த ஆட்டக்காரரை உருவாக்கிய மாவட்டத்துக்குக் கொடுங்கள். சின்னப்பம்பட்டியில் நடராஜன் சொந்த முயற்சியில் ஒரு மைதானம் கட்டி, 2023 ஜூனில் தினேஷ் கார்த்திக்கை அழைத்துத் திறந்தார். கோடிகள் புரளும் லீக் செய்ய வேண்டிய வேலையை ஓர் ஆட்டக்காரர் தன் தலையில் போட்டுக்கொண்டு செய்திருக்கிறார். தர்மபுரிக்கு அப்படி ஒரு மைதானம் கிடைக்க, இங்கிருந்தும் ஒரு நடராஜன் கிளம்பிக் கோடிகள் சம்பாதிக்கும் வரை காத்திருக்கச் சொல்வது அநியாயம்.