பிஸ்கட்டும் பொதுப்பணமும்

மௌலானா அபுல்கலாம் ஆசாத் உருதுவில் சொல்லச்சொல்ல, ஹுமாயூன் கபீர் ஆங்கிலத்தில் எழுதி, 1959இல் வெளிவந்தது ‘இந்தியா வின்ஸ் ஃப்ரீடம்’ என்னும் நூல். அதனை வணங்கிப் படித்தோர் பலர். எடைபோட்டுப் படித்தோர் சிலரே. அதில் ஓரிடத்தை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

எல்லைப்புற மாகாணத்தில் கான் அப்துல் கஃபார் கான், டாக்டர் கான் சாகிப் ஆகிய சகோதரர்களின் செல்வாக்கு ஏன் சரிந்தது என்று ஆராயும் மௌலானா, அவர்களது கஞ்சத்தனத்தையும் ஒரு காரணமாகக் காட்டுகிறார். கல்கத்தாவில் தம்மைக் காண வந்த பெஷாவர்க்காரர்களுக்குத் தேநீரும் பிஸ்கட்டும் அளித்தாராம். இத்தகைய பிஸ்கட்டை டாக்டர் கான் சாகிபிடம் பார்த்ததுண்டு, அவர் எவருக்கும் ஒன்று கொடுத்ததில்லை என்றாராம் வந்தவருள் ஒருவர். தேர்தலுக்குக் காங்கிரஸ் அளித்த பெருநிதியையும் அவர்கள் இயன்றமட்டும் குறைத்தே செலவிட்டனர் என்பது அடுத்த குற்றச்சாட்டு.

முதற்குறையை ஒப்புகிறோம். விருந்தோம்பலை மானமெனக் கருதும் பட்டாணியரிடையே அது சிறு பிழையன்று. நம் வீட்டுப் பெண்மணிகளும் அதனை மன்னிக்கமாட்டார்கள்! ஆனால் இரண்டாவதைக் குறையென்பது எங்ஙனம்? அரசாங்க எண்ணெயில் எரிந்த விளக்கை அணைத்துச் சொந்த விளக்கை ஏற்றிய கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கும் நாம், பொதுப்பணத்தில் கைசுருக்கியவரைக் கஞ்சர் என்று ஒதுக்கலாமா?

கணக்கும் பொருந்தவில்லை. 1946 தேர்தலில் இதே சகோதரர்களின் தலைமையில் காங்கிரஸ் 50 இடங்களில் 30ஐ வென்றது. கைசுருக்கம் அப்போதும் இருந்திருக்குமே! அவ்வாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவிலும் பீகாரிலும் ஓடிய இரத்தம் மக்கள் மனத்தை மாற்றியது. 1947 ஜூனில் காங்கிரஸ் பிரிவினைத் திட்டத்தை ஏற்றபோது, தம்மை ஓநாய்களிடம் எறிவதாகக் கஃபார் கான் முறையிட்டதை மௌலானாவே எழுதுகிறார். ஜூலை வாக்கெடுப்பில் இந்தியா, பாகிஸ்தான் என்னும் இரண்டுக்குமப்பால் மூன்றாம் வழி வைக்கப்படவில்லை. அவரது இயக்கம் விலகி நின்றது. பாகிஸ்தானுக்கு 2,89,244 வாக்குகள், இந்தியாவுக்கு 2,874. வாக்களித்தோர் பாதிக்குச் சற்று மேல். இத்தனை பெரிய நிகழ்ச்சிக்குப் பக்கத்தில் பிஸ்கட்டை வைப்பது மௌலானாவின் அறிவுக்கு அழகன்று.

ஒன்றில் மௌலானாவைப் பாராட்டியே ஆகவேண்டும். அஹிம்சை தமக்கு உத்தியே, நெறியன்று என்று அவர் ஒளிக்காமல் உரைக்கிறார். கஃபார் கானுக்கோ அது நெறி. நாயகம் (ஸல்) அவர்களின் ‘ஸப்ர்’ என்னும் பொறுமையிலிருந்து அவர் கற்றது. 1930 ஏப்ரல் 23இல் பெஷாவரின் கிஸ்ஸா கானி கடைவீதியில் ஆயுதமின்றித் துப்பாக்கிமுன் நின்ற கூட்டத்தின் தலைவர் அவர். 1940இல், நாட்டின் பாதுகாப்புக்கு அஹிம்சை கட்டுப்பாடாகாது என்று மௌலானா தலைமையிலிருந்த காங்கிரஸ் தீர்மானித்ததும், செயற்குழுவினின்று விலகினார். அவ்விலகலை நினைவில் நிறுத்தித் தேர்தல் நிதிச் செய்தியைப் படிக்குங்கால், கஞ்சத்தனம் என்று மௌலானா பெயரிட்டதனுள் எளிதில் வளையாத ஒரு பிடிவாதமே நமக்குத் தென்படுகிறது. அதைக் குறையென எழுத நாம் தயங்குகிறோம்.