உய்ப்போரும் காண்போரும்: 'வெண்பா' என்னும் கணினி விளையாட்டு

கூத்தில் சுவை தோன்றுமாற்றை ஆராய்ந்த பண்டையோர் உய்ப்போன், காண்போன் என இருவரைக் கொண்டனர். மெய்ப்பாட்டியலுக்கு உரை கண்ட இளம்பூரணர் இதனைச் செயிற்றியத்தினின்று எடுத்துக்காட்டுவர். கூத்தில் காண்போன் கையில் கதை இல்லை. கதைவழிச் செல்லும் கணினி விளையாட்டிலோ இருவரும் ஒருவரே. ஆடுவோர் தாம் தெரிந்ததன் பயனைத் தாமே காண்கின்றனர். அத்தெரிவு முடிவை மாற்றினாலன்றிக் கதைமாந்தர்மீது பற்றுத் தோன்றாது என்பார் உளர். அக்கொள்கை பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

முடிவு மாறாக் கதைக்குத் தில்லையிலேயே சான்றுண்டு. நந்தனார் தில்லை சேர்ந்தமை கேட்போர் அனைவரும் முன்னரே அறிந்தது. சேக்கிழார் பாடியவாறு அவரைத் தடுத்தது அவர்தம் உள்ளமே. தம் பிறப்பை எண்ணி நாளை, நாளை எனத் தள்ளிவந்தமையால் திருநாளைப்போவார் ஆயினார். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் விடைகொடாத வேதியர் ஒருவரை ஆண்டையாகப் படைத்தார். போதலா நிற்றலா என்னும் தெரிவு பிறர் கைக்கு மாறிற்று. முடிவு ஒன்றே, எனினும் முன்னதில் நாம் அவரோடு தயங்குகின்றோம், பின்னதில் அவர்பொருட்டு வருந்துகின்றோம்.

இனி 'வெண்பா'வுக்கு வருவோம். டொரொண்டோவில் உள்ள விசை கேம்ஸ் நிறுவனத்தார் இதனை 2023இல் வெளியிட்டனர். 2024இல் முதற்படைப்புக்குரிய பாஃப்டா விருது இதற்குக் கிடைத்தது. 1980களில் கனடாவில் குடியேறிய வெண்பா, கணவன் பாவலன், மகன் கவின் ஆகியோரே கதைமாந்தர். உரையாடலிடையே மறுமொழிகளுள் ஒன்றைத் தெரியுமாறு ஆடுவோர் கேட்கப்படுகின்றனர். எதனைத் தெரியினும் கதை ஒருவழியே செல்கின்றது. இவ்விளையாட்டின் மெலிவு இதுவே என்போம். தருவதுபோற் காட்டித் தாராமை பற்றை வளர்ப்பதில்லை.

அடுக்களையின் நிலை வேறு. தாய் தந்த சமையல் ஏடு கிழிந்தும் எழுத்தழிந்தும் கிடக்கின்றது. இட்டலியும் புட்டும் செய்யும் முறையை ஆடுவோர் தாமே உய்த்துணர்தல் வேண்டும். பிழைத்தால் மீண்டும் செய்யலாம், முடிவோ ஒன்றே. இங்குத் தெரிவு என ஒன்று உண்டோ எனின், இல்லை என்றே கூறலாம். ஆயினும் பற்று இங்கேதான் வேர்கொள்கின்றது; தாயின் விட்டுப்போன சொல்லைத் தம் கையால் நிரப்பியவர் வெண்பாவை அயலாளாக எண்ணமாட்டார்.

இஃது இயந்திரம் புதிதாகத் தந்ததன்று. கடலூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் திரௌபதியம்மன் விழாவைக் கண்டோர் அறிவர். படுகளத்தில் மண்ணாற் செய்த துரியோதனன் வீழ்ந்தே ஆகவேண்டும். பாஞ்சாலி கூந்தல் முடித்தே ஆகவேண்டும். இரவெல்லாம் காண்போராய் இருந்தவருள் நோன்பு பூண்டோர் பின்னர்த் தீயில் இறங்குகின்றனர். கதையை மாற்ற அவர்க்கு உரிமையில்லை. கால் வைப்பதோ அவர் கால்.

விளையாட்டின் பிற்பகுதியில் நாம் வெண்பா அல்லேம். வளர்ந்த கவினாகி அடுப்பின்முன் நிற்கின்றோம். தமிழ் எழுத்து அவனுக்கு நன்கு கைவரவில்லை. தாயாக இருந்தபொழுது உய்த்துணர்ந்த ஏட்டையே இப்பொழுது மகனாகத் தடுமாறிப் படிக்கின்றோம். ஏட்டில் அழிந்தது சில சொற்களே. அவனுக்கோ எஞ்சியவையும் எளிதிற் புலப்படவில்லை. தமிழ் கற்றோர் இவ்விடத்தில் எவர் பக்கம் நிற்பர்? தாயின் எழுத்தை அவர்கள் படிக்கவல்லர், கையோ மகனுடையது.