விதியும் விதிகளும்

நம் கதைகளில் வருகிறவர்களுக்கு நோய் வருவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. ஆசிரியருக்கு வேண்டிய சமயத்தில் வருகிறது. அவருக்கு வேண்டிய உறுப்பில் வந்து உட்காருகிறது. கதாநாயகி ஓர் அத்தியாயத்தில் இருமினாள் என்றால் அடுத்த அத்தியாயத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருப்பாள். அந்தக் கட்டில் அவளுக்கு எப்படிக் கிடைத்தது, சீட்டு வாங்கியவர் யார், அன்றைக்கு அவர் சம்பளம் பிடிபட்டதா என்பதையெல்லாம் ஆசிரியர் சொல்வதில்லை. நாமும் கேட்பதில்லை. நமக்குக் கண்ணீர் போதும்.

சினிமாவில் இந்தச் சௌகரியம் இன்னும் பெரியது. 1961-இல் வெளிவந்த 'பாலும் பழமும்' படத்தில் டாக்டர் புற்றுநோய்க்கு மருந்து தேடுகிறார். மனைவிக்குக் காசநோய் வருகிறது. பின்னால் டாக்டருக்கே கண் பார்வை போய்விடுகிறது. மறு வருஷம் வந்த ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' ஆஸ்பத்திரியையே களமாகக் கொண்டது. இரண்டையும் நான் ரசித்திருக்கிறேன். ஆனால் அந்தப் படங்களிலிருந்து வீட்டுக்கு நாம் எடுத்துவருவது தியாகத்தைத்தான், பில்லை அல்ல. நோய் விதியால் வந்தது, விதியால் போனது. விதி என்ற சொல்லுக்குத் தமிழில் இன்னோர் அர்த்தமும் உண்டு என்பதை நம் கதாசிரியர்கள் சௌகரியமாக மறந்துவிட்டார்கள்.

புதுமைப்பித்தன் மறக்கவில்லை. 'செல்லம்மாள்' கதையை நினைத்துப் பாருங்கள். பிரமநாயகம் பிள்ளை ஒரு ஜவுளிக்கடைச் சிப்பந்தி. மனைவி படுத்த படுக்கை. அவள் பக்கத்தில் இருந்தால் பிழைப்புப் போகும். பிழைப்பைப் பார்த்தால் அவள் தனியாகக் கிடப்பாள். கதையின் உயிர் இந்தக் கணக்கில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். கணக்கை எடுத்துவிட்டால் அது ஒரு புருஷனின் புலம்பலாகப் போயிருக்கும். புதுமைப்பித்தனே 1948-இல் காசநோயில் மாண்டார். அதே 1948 ஏப்ரலில்தான் தொழிலாளர் அரசு இன்ஷூரன்ஸ் சட்டம் பிறந்தது. அது ஆலைத் தொழிலாளிக்காக வந்த சட்டம். ஜவுளிக்கடைச் சிப்பந்தியும் எழுத்தாளனும் அன்றைக்கு அதன் கணக்கில் இல்லை.

இந்தச் சட்டத்தை, அதன் விதிகளோடும் அட்டவணைகளோடும், சில மாதங்களாக ஒரு நாவலைப் படிப்பதுபோல் படித்து வருகிறேன். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து வாழ்க்கையை எழுத விரும்புகிறவன் அதைப் படிக்காமல் பேனாவைத் தொடக்கூடாது என்று தோன்றியதுதான் காரணம்.

அந்தப் பக்கம் போயிருப்பீர்கள். பெங்களூர் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம். தெற்கே வல்லம், ஒரகடம். 1998-இல் ஹூண்டாய் அங்கே கார் செய்யத் தொடங்கியது. நோக்கியா 2006-இல் வந்து 2014-இல் மூடிக்கொண்டு போனது. ரெனோ-நிஸான் 2010-இல் வந்தது. இப்போது பாக்ஸ்கான். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதிகளைத் திறந்தார்கள். ஒரு சிறிய பட்டணத்தின் ஜனத்தொகை அது. ஆனால் ஒரு கிழவியும் இல்லாத பட்டணம்! ராமாநுஜர் அவதரித்த ஊர் ஸ்ரீபெரும்புதூர். அவர் 120 வயது வாழ்ந்தார் என்பது சம்பிரதாயம். அதே ஊரின் சாலையில் விடியற்காலை போகும் கம்பெனி பஸ்களில் நரைத்த தலையைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

சட்டத்துக்கு வருவோம். முதலில் நியாயமாக அதன் நல்ல குணத்தைச் சொல்லிவிட வேண்டும். 1952 பிப்ரவரி 24-ஆம் தேதி கான்பூரில் நேருஜி திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 1955-இல் கோயம்புத்தூருக்கு வந்தது. 2025 நவம்பர் 21 முதல் 1948-ஆம் வருஷத்துச் சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் அடங்கிவிட்டது, திட்டம் தொடர்கிறது. தொழிலாளி சம்பளத்தில் 100-க்கு முக்கால் ரூபாய், முதலாளி மூன்றேகால் ரூபாய் என்று 2019 ஜூலையில் சந்தாவைக் குறைத்தார்கள். அந்தச் சிறிய தொகைக்குத் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம். காய்ச்சலில் படுத்தால் வருஷத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம். வேலையில் அடிபட்டால் 90 சதவீதம். ஏற்கெனவே சர்க்கரை வியாதி உண்டா என்று அது கேட்பதில்லை. இந்த ஒரு விஷயத்தில் நம் மத்தியதரக் குடும்பங்கள் வைத்திருக்கும் எந்த பாலிஸியையும்விட அது பெருந்தன்மையானது.

ஆனால் அதன் அட்டவணைகளைப் படிக்கும்போது எனக்கு வியர்க்கிறது. இயந்திரத்தில் உறுப்பை இழந்தவனுக்குச் சம்பாதிக்கும் சக்தி எத்தனை பங்கு குறைந்தது என்று சொல்லும் அட்டவணை ஒன்று உண்டு. கட்டைவிரலுக்கு 30 சதவீதம். ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14; நடுவிரலுக்கு 12; மோதிர விரலோ சுண்டு விரலோ போனால் 7. எலும்பு போகாமல் மோதிர விரலின் நுனி மட்டும் வெட்டுப்பட்டால் 2. ஏகலைவனின் தட்சிணைக்கு விலை போட்டுக் காட்டும் ஒரு காவியம் இது என்று வைத்துக்கொள்ளுங்கள். துரோணருக்கு இந்தக் கணக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் சுண்டு விரலைக் கேட்கவில்லை. மாதம் 15,000 ரூபாய் வாங்கிய பிரஸ் ஆபரேட்டருக்குக் கட்டைவிரல் போனால் மாதம் ஏறத்தாழ 4,050 ரூபாய், உயிருள்ளவரை. கருணையற்றது என்று நான் சொல்லமாட்டேன். ஒரு காலத்தில் அந்த விரலுக்கு ஒரு முழம் துணியும் ஒரு வாரக் கூலியும்தான் விலை. சொல்ல வந்தது வேறு. இந்த ஆசிரியருக்கு ஒரு நொடியில் நிகழும் துன்பம்தான் கண்ணில் படுகிறது. நின்றே நின்று வீங்கிய கால், குனிந்தே பார்த்துப் பிடித்துக்கொண்ட கழுத்து, இவற்றுக்கு அந்த அட்டவணையில் ஒரு வரி கிடையாது. திடீர் மரணத்தை நன்றாக எழுதி, மெல்லத் தேய்வதை எழுதத் தெரியாத நாவலாசிரியரைப் போன்றவர் அவர். நம்மிடையே அப்படிப் பலர் இருக்கிறார்கள்.

பக்கத்தில் நின்று அதே வேலையைச் செய்யும் பையன் அப்ரண்டிஸாக இருந்தால் அவனுக்கு இ.எஸ்.ஐ. கிடையாது. 1961-ஆம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டம் அவனைத் தொழிலாளி என்றே ஒப்புக்கொள்வதில்லை. அடிபட்டால் 1923-இலிருந்து வரும் நஷ்டஈட்டு முறைதான். அதில் வயது ஒரு பெருக்கல் எண்ணாக வருகிறது: 20 வயதுக்கு 224; 50 வயதுக்கு 153.09, 65-க்கு மேல் 99.37. ஒரே விரல், ஒரே சம்பளம். கிழவனின் விரலுக்குப் பாதி விலைகூட இல்லை.

இனி வயதைப் பற்றி. இந்தச் சட்டம் சொல்லும் கதையின் நடுமுடிச்சு இங்கேதான் இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகும் வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டினால் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் வைத்தியம் உண்டு என்று விதி செய்திருக்கிறார்கள். (ராமாநுஜரின் வயதுக்கும் இந்தத் தொகைக்கும் சம்பந்தம் இல்லை.) கேட்கக் குளிர்ச்சியாக இருக்கிறது. ஆனால் ஐந்து வருஷமாவது இன்ஷூரன்ஸில் இருந்திருக்க வேண்டும். அதோடு 'ஓய்வு' பெற்றிருக்க வேண்டும். ராஜிநாமா ஓய்வு ஆகாது. வடகால் விடுதியில் 19 வயதில் வந்து சேருகிற ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு வருஷம் சந்தா பிடிக்கிறார்கள். அந்த ஆறு வருஷத்தில் அவளுக்குத் தலைவலி, மாதவிலக்கு வலி, ஒரு வைரஸ் காய்ச்சல். பிறகு கல்யாணம், கணக்கு முடிந்தது. ஐம்பத்தெட்டு வயதில் திருவண்ணாமலைப் பக்கத்து ஊரில் அவளுக்கு முட்டி தேய்ந்து, சர்க்கரை கூடி, கண்ணில் புரை விழும்போது அந்த ஆறு வருஷத்துச் சந்தா எந்தக் கதவையும் திறக்காது. வியாதி வராத வயதில் காப்பாற்றுவதும், வரும் வயதில் கைவிடுவதும் எந்த ஆசிரியரும் வேண்டுமென்று செய்த சதி அல்ல. வைத்தியத்தை உடம்போடு கட்டாமல் வேலையோடு கட்டியதன் விளைவு அது.

சம்பள உயர்வும் ஒரு கண்டம். 2017 ஜனவரியில் உச்சவரம்பை 15,000-இலிருந்து 21,000 ஆக்கினார்கள். மாற்றுத் திறனாளிகளுக்கு 25,000. வரம்பு எந்த எண்ணாக இருந்தாலும், அதைத் தாண்டிய நூறு ரூபாய் உயர்வு, சந்தாக் காலம் முடிந்ததும், ஒரு குடும்பத்தையே ஆஸ்பத்திரிக்கு வெளியே கொண்டுவந்து நிறுத்துகிறது. கடைசி வருஷங்களில் இப்படி வெளியே வந்தவர்கள், ஓய்வு பெற்ற பின் பழைய உரிமையைக் கேட்க முடியாமல் இருந்தது. 2024-இல் அதைக் கொஞ்சம் தளர்த்தினார்கள்: 2017 ஏப்ரலுக்குப் பிறகு 30,000 ரூபாய் வரை சம்பளத்தில் ஓய்வு பெற்று, 2012 ஏப்ரலுக்குப் பின் ஐந்து வருஷமாவது திட்டத்தில் இருந்தவர்களுக்கு மீண்டும் வழி உண்டு. பிரமோஷன் வந்த சந்தோஷத்தில் வீட்டில் பாயசம் வைக்கும் காட்சியை எத்தனையோ கதைகளில் படித்திருக்கிறோம். பாயசம் ஆறுவதற்குள் 'அம்மாவின் டயாலிஸிஸுக்கு இனி என்ன செய்வது?' என்று ஒருவன் கேட்கும் கதையை நான் இன்னும் படிக்கவில்லை.

இதெல்லாம் தொழிலாளிகள் சமாசாரம் என்று பக்கத்தைப் புரட்டப் பார்க்கும் வாசகருக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுப் பையனுக்குக் கம்பெனி தரும் பாலிஸியும் வேலையோடு கட்டப்பட்டதுதான். வேலை போனால் அதுவும் போகும். தனியாக வாங்கப் போனால், 65 வயதுக்கு மேல் புது பாலிஸி தர மறுக்கலாம் என்றிருந்த வரம்பை 2024 ஏப்ரலில் எடுத்தார்கள். முன்பே இருந்த வியாதிக்கான காத்திருப்பை நான்கு வருஷத்திலிருந்து மூன்றாகக் குறைத்தார்கள். மூத்தவர்களின் பிரிமியத்தைக் கேட்காமல் வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்று 2025 ஜனவரியில் உத்தரவாயிற்று. கதவைத் திறந்துவிட்டார்கள், உண்மை. நுழைவுச் சீட்டின் விலை வேறு சங்கதி. எழுபது வயதில் மூன்று வருஷம் காத்திரு என்பதை நகைச்சுவையாக எடுத்துக்கொள்ளவும் ஒரு மனோதிடம் வேண்டும்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, வருஷ வருமானம் 1,20,000-க்குள் இருக்கும் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை. இருதய அறுவைச் சிகிச்சைக்கு அது தெய்வம். தினம் விழுங்கும் ரத்தக்கொதிப்பு மாத்திரைக்கு அது எழுதப்பட்டதல்ல. அந்த மாத்திரையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வருவது, 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்'. அட்டை எங்கே என்று கேட்காமல், கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்து, நடக்க முடியாதவருக்குப் பயிற்சியும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். நான் படித்த இத்தனை விதிகளில் உடம்பை மட்டும் பார்த்து எழுதப்பட்டது இதுதான் என்று தோன்றுகிறது. பெரிய ஆஸ்பத்திரி வேலையை அது செய்யாது. செய்வதாகச் சொல்லவும் இல்லை.

இப்படிச் சட்டத்தைக் கதையாக்கச் சொல்வது பிரசாரம் என்று நண்பர்கள் குறை சொல்கிறார்கள். மனிதர்களை விட்டுவிட்டு விதிகளை எழுதினால் பிரசாரம்தான். விதி எங்கே மனிதரின் வாயை மூடுகிறது, எங்கே திறக்கிறது என்று பார்த்து எழுதினால் அது பிரசாரம் ஆகாது. ஓர் உதாரணம் சொல்கிறேன். பழைய சட்டத்தில் பெண் தொழிலாளியின் பெற்றோர் என்றால் அவளைப் பெற்றவர்கள் மட்டுமே. புதிய தொகுப்பு, அவளை நம்பியிருக்கும் மாமனார் மாமியாரையும் குடும்பத்தில் சேர்த்திருக்கிறது. அவர்கள் வருமானம் விதித்த அளவுக்குள் இருக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக மாமியார் மருமகள் கதை எழுதி வருகிற நமக்கு இந்த ஒரு வரியில் எவ்வளவு பெரிய விஷயம் கிடைக்கிறது! மருமகள் ஷிப்டுக்குப் போனால்தான் மாமியாருக்கு மாத்திரை. "குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டுவிடேன் அம்மா" என்று எல்லாக் கதைகளிலும் சொல்லும் மாமியார் இப்போது என்ன சொல்வாள்? சொல்ல நினைப்பதைச் சொல்வாளா? நான் எழுதத் தொடங்கியிருக்கும் கதையில் அவள் இன்னும் பேசவில்லை. சுங்குவார்சத்திரத்தில் பஸ்ஸுக்கு நிற்கிறாள், இடுப்பில் செருகிய சுருக்குப்பையில் மருமகளின் இ.எஸ்.ஐ. அட்டையோடு.