மூன்று பேர், ஒரு வேன், 45 பாடல்கள்

மினிட்மென் ராக் இசைக்குழு 1980இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் பெட்ரோ என்ற துறைமுக ஊரில் உருவானது. கப்பல் வேலையும் மீன்பிடித் தொழிலும் சோறு போட்ட ஊர் அது. 1909இல் லாஸ் ஏஞ்சலஸ் மாநகரோடு சேர்க்கப்பட்ட பிறகும் தனி ஊர் என்ற நினைப்பை விடவில்லை. ஊர்க்காரர்கள் அதன் பெயரைக்கூட 'பீட்ரோ' என்றே உச்சரிப்பார்கள். கிட்டாரும் பாட்டும் டி. பூன், பேஸ் கிட்டார் மைக் வாட், டிரம்ஸ் ஜார்ஜ் ஹர்லி. மூவரும் உழைக்கும் வர்க்கத்துப் பிள்ளைகள்.

பூனும் வாட்டும் 13 வயதுவாக்கில் நண்பர்களானவர்கள். ஊர்ப் பூங்காவில் மரத்திலிருந்து பூன் குதித்து வாட்டின் முன்னால் வந்து விழுந்ததுதான் முதல் அறிமுகம். பையன்கள் தெருவில் சுற்றாமல் வீட்டிலேயே இருக்கட்டும் என்று பூனின் அம்மா இசைக்கருவி பழகச் சொன்னார். மகனுக்கு கிட்டார், அவன் தோழனுக்கு பேஸ் என்று பிரித்ததும் அவரே. பேஸ் என்பது வேறு கருவி என்பதே வாட்டுக்குத் தெரியாது. சாதாரண கிட்டாரில் நான்கு தந்தி மட்டும் வைத்துக்கொண்டு வாசித்துப் பழகினார்.

ஹர்லியோடு சேர்ந்து 1978இல் ரியாக்‌ஷனரீஸ் என்ற நால்வர் குழுவை நடத்திப் பார்த்தார்கள். அது நிலைக்கவில்லை. அந்தக் காலத்தில் வயர் என்ற பிரிட்டிஷ் குழுவின் 'பிங்க் ஃபிளாக்' இசைத்தட்டு அவர்கள் காதில் விழுந்தது. பல்லவி, சரணம், மறுபடி பல்லவி என்று இழுக்க வேண்டியதில்லை, சொல்ல வந்தது முடிந்தால் பாட்டும் முடியலாம் என்ற துணிச்சல் அதிலிருந்து வந்தது. மினிட்மென் குழுவின் முதல் வெளியீடான 'பாரனாய்ட் டைம்' (1980) ஏழு பாடல்களை ஏழு நிமிடத்துக்குள் முடித்தது. 'தி பஞ்ச் லைன்' (1981) 18 பாடல்கள், சுமார் 15 நிமிடம்.

வேகம் மட்டுமே இவர்களுடைய பலம் என்று நினைத்தால் தவறு. அன்றைய பங்க் ராக் குழுக்கள் பெரும்பாலானவற்றில் கிட்டாரின் இரைச்சல் மேடையை மூடிவிடும். பேஸ் அதற்கு அடியில் புதைந்து கிடக்கும். பூன் தன் கிட்டாரில் கனத்த கீழ் ஒலியை வேண்டுமென்றே குறைத்தார். கூர்மையான, நறுக்குத் தெறித்தாற்போன்ற மேல் ஒலி மட்டுமே வரும். அப்படி விட்டுக்கொடுத்த இடத்தில் வாட்டின் பேஸ் நடுக்களத்துக்கு வந்தது. அது தாளத்துக்குத் துணை போவதோடு நிற்காமல் ராகத்தையே எடுத்துச் செல்லும். ஹர்லி நேர்த்தாளம் அடிப்பதை விட்டு, இருவருக்கும் இடையில் விழும் சந்துகளில் அடிகளை வைத்தார். கிட்டார் மேலே, மற்றவர்கள் கீழே என்ற ஏற்றத்தாழ்வு இருக்கக் கூடாது என்பது பூனின் அரசியல். அதை அவர் பாட்டில் சொன்னதைவிட வாசிப்பில் செய்து காட்டியதுதான் பெரிது. மேடையில் பூனின் கனத்த உடம்பு நிற்கவே நிற்காது. குதித்தபடியே வாசிப்பார், தாளம் தப்பாது.

சிக்கனம் இவர்களுக்குக் கொள்கை. கட்டணம் குறைவான இரவு நேரத்தில் ஒலிப்பதிவு. ஏற்கனவே பயன்படுத்திய நாடா. வெட்டி ஒட்டும் செலவு வராமலிருக்க, இசைத்தட்டில் வரும் வரிசையிலேயே பாடல்களைப் பதிவு செய்வது. வேனைத் தாங்களே ஓட்டி, பெட்டிகளைத் தாங்களே இறக்கி, கச்சேரி முடிந்ததும் தாங்களே ஏற்றினார்கள். நியூ அலையன்ஸ் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கி மற்றக் குழுக்களின் தட்டுகளையும் வெளியிட்டார்கள்.

இவர்களின் உச்சம் 1984இல் வந்த 'டபுள் நிக்கல்ஸ் ஆன் தி டைம்'. ஒரு தட்டுக்கான பாடல்கள் தயாராக இருந்தபோது, நட்புக் குழுவான ஹஸ்கர் டூ இரட்டைத் தட்டு கொண்டுவருவது தெரிந்தது. உடனே இன்னொரு தட்டுக்குப் பாடல் எழுதினார்கள். மொத்தம் 45 பாடல்கள், செலவு சுமார் 1,100 டாலர், ஒலிக்கலவை ஒரே இரவில். நான்கு பக்கங்களில் மூன்றை ஆளுக்கொன்றாகப் பிரித்து, அவரவர் பக்கத்துப் பாடல்களை அவரவரே தேர்ந்தெடுத்தார்கள். மிஞ்சியவை நான்காம் பக்கத்துக்குப் போயின. அட்டைப் படத்தில் வாட் கார் ஓட்டுகிறார். வேகமானியின் முள் சரியாக மணிக்கு 55 மைலில் நிற்கிறது, எதிரே சான் பெட்ரோ என்ற சாலைப் பலகை. அந்த 55 மைல்தான் அன்றைய சட்டப்படியான வேக வரம்பு. பின் சீட்டிலிருந்து நண்பர் எடுத்த இந்தப் படம் சரியாக அமையப் பலமுறை ஓட்ட வேண்டியிருந்தது.

அந்தத் தட்டில் உள்ள 'கொரோனா', மெக்சிகோ கடற்கரையில் காலி பாட்டில் பொறுக்கிய ஒரு பெண்ணைப் பார்த்த பாதிப்பில் பூன் எழுதியது. பின்னாளில் 'ஜாக்கஸ்' தொலைக்காட்சித் தொடரின் முகப்பு இசையாகி உலகம் சுற்றியது. அந்தப் பெண்ணின் கதை பலருக்குத் தெரியாமல் போனது வருத்தம்தான்.

1985இல் 'புராஜெக்ட்: மெர்ஷ்' வந்தது. நீண்ட பாடல்கள், ஊதுகருவிகள் என்று சந்தைக்கு நெருக்கமாகப் போன முயற்சி. குழுவின் இயல்பான ஆட்டம் அதில் குறைவு. அந்த டிசம்பரில் ஆர்.இ.எம். குழுவோடு சுற்றுப்பயணம் முடித்துத் திரும்பினார்கள். டிசம்பர் 22 அன்று அரிசோனா பாலைவனச் சாலையில் வேன் விபத்தில் பூன் இறந்தார். வயது 27. மினிட்மென் அன்றோடு முடிந்தது.

வாட் இசையையே விட்டுவிடும் நிலையில் இருந்தார். எட் கிராஃபோர்ட் என்ற ரசிகர் ஒஹாயோவிலிருந்து தேடி வந்து விடாமல் வற்புறுத்த, 1986இல் ஹர்லியையும் சேர்த்து ஃபயர்ஹோஸ் தொடங்கியது. அது 1994 வரை நடந்தது. 2003 முதல் ஸ்டூஜஸ் குழுவிலும் வாட் பேஸ் வாசித்தார். 'வி ஜாம் எகானோ' என்ற 2005ஆம் ஆண்டு ஆவணப்படம் மினிட்மென் வரலாற்றைச் சொல்கிறது. புதிதாகக் கேட்பவர்கள் 'டபுள் நிக்கல்ஸ்' தட்டிலிருந்து தொடங்கலாம். முதல் முறை பாட்டை விட்டுவிட்டு பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள்.